வேறொருவர் பெயரில் முப்பத்தொரு மாதம்

நவம்பர் 14, செவ்வாய்

“இவர் உங்கள் மகளா?” என்று ஒரு தாதி என்னிடம் ஒருமுறை கேட்டாள். இரண்டரை வருடத்துக்கு முந்திய கதை. பக்கவாதம் வந்த என் மனைவி நாகேஸ்வரியை மருத்துவமனையிலிருந்து இந்த ஆறாம் மாடி வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் மாதம். கட்டிலில் அவளைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்துக்கொண்டிருந்த பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் என் குடும்பப் பெயர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் ஓம், மகள்தான் என்றேன்.

இரண்டாம் வரியில் விட்ட பிழையை மாணவர்கள் கடைசி வரியில்தான் தேடுவார்கள். முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்ததில் கண்டது அது.

அந்தப் பெண் என் மகள் அல்ல. பெயர் தவமலர், முல்லைத்தீவுப் பக்கம், வயது நாற்பத்து மூன்று. பாரிசுக்கு வந்து ஆறு வருடம். அகதிக் கோரிக்கை இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, ‘காட்’ என்கிற வதிவிட அட்டை இல்லாமல் இருக்கிறாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில், கனடாவில் இருக்கும் என் மகள் ஆரணியின் வதிவிட அட்டையைக் காட்டி வேலை செய்கிறாள். ஒருவர் காட்டில் இன்னொருவர் வேலை செய்வது இங்கே எங்கள் ஆட்களுக்குள் புதினமில்லை. பெயர் ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது.

நாகேஸ்வரி மே மாதம் காலமாகிவிட்டாள். இப்போது என் இடுப்பு எலும்புக்காகத் தவமலர் காலையில் இரண்டு மணித்தியாலம் வருகிறாள்.

இன்று வானொலியில், ஆள் தட்டுப்பாடான வேலைகளில் இருப்பவர்களுக்கு வதிவிட அட்டை கொடுக்கும் சட்டமூலம் பற்றிச் சொன்னார்கள். மேலவையில் வாக்கெடுப்பு. மூன்று வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். கடைசி இருபத்து நான்கு மாதத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டை வேண்டும். தவமலர் என் காலுறையைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“மாஸ்டர், என்னட்டை இருபத்தொன்பது கிடக்கு.”

“ஓம். எல்லாம் ஆரணியின்ர பேரில.”

“உழைச்சது நான்தானே? உங்கட மகள் ஒரு கடிதம் தந்தாக் காணுமெண்டு யூட் அண்ணை சொன்னவர். அவதானே காட் தந்தவ, இதையும் தருவா.”

“கேப்பம்,” என்றேன். “அங்க இன்னும் விடியேல்ல.”

நவம்பர் 16, வியாழன்

ஆரணியுடன் கதைத்தேன். பனி விழத் தொடங்கிவிட்டதாம். பேரனுக்குப் பல் விழுந்துவிட்டதாம். கடிதத்தைப் பற்றிப் பேச இடம் வரவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

தவமலர் மறுபடி கேட்டாள். ஆரணிக்கு வேலை அதிகம் என்றேன்.

சூப்புக்குக் கரட் வெட்டும்போது மகளுடன் வீடியோவில் கதைத்தாள். புதுக்குடியிருப்பில் தமக்கையிடம் வளரும் பிள்ளை, வயது பதினேழு. கதைத்து முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஆறு வருசமா ஒரு பிள்ளையைப் போனுக்குள்ள வளக்கிறன், மாஸ்டர். காட் கிடைச்சா முதல் வேலை, பிளேன் ஏறிப் போய் அவளைத் தொட்டுப் பாக்கிறது.”

“போனா எப்ப திரும்பி வருவாய்?”

“போக முதலே திரும்பிற நாள் கேக்கிறியள்,” என்று சிரித்தாள். சூப்பில் உப்புக் குறைவு. சொல்லவில்லை.

நவம்பர் 25, சனி

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பின்தெருவில் சனிக்கிழமைகளில் யூட் ஒரு மேசை போட்டு இருக்கிறார். பன்னிரண்டு வருடம் காட் இல்லாமல் இருந்து பிறகு பெற்றவர். இப்போது மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். பொல்லை ஊன்றிக்கொண்டு நானும் போனேன்.

“மாஸ்டர், இந்த நாட்டில செத்தவருக்கும் மூண்டு கடதாசி வேணும். உயிரோட இருக்கிறவருக்குக் கேக்கவே வேண்டாம்,” என்றார் யூட். விரல் மடக்கிச் சொன்னார். காட்டின் சொந்தக்காரி, ‘என் பெயரில் வேலை செய்தது இந்தப் பெண்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு, ஆள் வேறு என்பதற்கு ஏதாவது சான்று.

“காட் எப்ப முடியுது?”

“ஜனவரி இருபத்தெட்டு,” என்றாள் தவமலர்.

“அப்ப அதுக்கு முதல் செய்யுங்கோ. காட் முடிஞ்சா வேலை போகும். வேலை போனா, மாதம் போகப் போகப் பழைய சிட்டையளும் செல்லாக் காசு. இன்னொண்டு மாஸ்டர், ஒளிக்காமல் சொல்லுறன். காட் குடுத்ததும் குற்றம்தான். எழுதிறவைக்கும் ஆபத்து இருக்கு.”

தவமலர் என்னைப் பார்த்தாள்.

“என்ர மகள் பயப்பிடாத பிள்ளை,” என்றேன். பொய் இல்லை. அவள் பயப்படாத பிள்ளைதான்.

நவம்பர் 30, வியாழன்

மழை. கடிதத்தின் வரைவை அடிக்கலாம் என்றால் அச்சுப்பொறியில் மை இல்லை.

டிசம்பர் 1, வெள்ளி

தவமலர் மை வாங்கிவந்தாள். கறுப்பும் நிறமும்.

டிசம்பர் 5, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து மதாம் வந்தார். வருடத்துக்கொருமுறை வீட்டைப் பார்வையிட வருபவர். குளியலறைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். என்னை எழுந்து நடக்கச் சொன்னார். பிறகு தவமலர் பக்கம் திரும்பினார்.

“ஆரணி, உங்கள் அட்டை ஜனவரி கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கப் பதிந்த கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் பதினொரு வீட்டுக்கு நான் ஆள் தேட வேண்டும். ஆளே கிடையாது, தெரியுமா?”

புதுப்பிக்க ஆரணி நேரில் வந்து, கைரேகைக்காகப் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்க வேண்டும். தவமலர் “சரி மதாம்” என்றாள். பிரெஞ்சில் அவளுக்கு நன்றாக வருகிற இரண்டு சொற்கள். மதாம் என்னைப் பார்த்து, “நல்ல மகளைப் பெற்றிருக்கிறீர்கள்” என்றார்.

கதவு சாத்தியதும் தவமலர் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

“ஐம்பத்துநாலு நாள் கிடக்கு, மாஸ்டர். அவ என்ன சொன்னவ?”

“யோசிச்சுச் சொல்லுறாவாம்.”

டிசம்பர் 8, வெள்ளி

சான்று என்று யூட் சொன்னது எனக்கு இன்றுதான் உறைத்தது. நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன். எத்தனை மணிக்கு வந்தாள், என்ன செய்தாள், எல்லாம் திகதியோடு இருக்கும். நல்ல மாணவன் கணக்குச் செய்த பக்கம்போல. பழைய கொப்பிகள் ஐந்தையும் அலுமாரியிலிருந்து இறக்கித் தவமலருக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

‘ஆரணி 8.10க்கு வந்தாள்.’ ‘ஆரணி அம்மாவுக்குத் தலைக்கு வார்த்தாள்.’ ‘அம்மா இன்று ஆரணியின் கையால் மட்டும் கஞ்சி குடித்தாள்.’

ஐந்து கொப்பியிலும் அப்படித்தான். பொலிஸ் வந்து புரட்டினால் என்று எச்சரிக்கைக்காக எழுதியது. ‘அம்மாவுக்கு’ என்று எழுதியதும் எச்சரிக்கைக்காகத்தான்.

தவமலர் ஒரு கொப்பியை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தாள் தாளாகப் புரட்டினாள்.

“இதுக்குள்ள என்னைக் காணேல்லையே, மாஸ்டர். ஒருநாளாவது நான் வரேல்லையா?”

ஆரணியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டாள். நானே கதைக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

கீழவை சட்டமூலத்தை விவாதிக்காமலே தள்ளிவிட்டது. தவமலர் செய்தியைக் கேட்டுவிட்டு, பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். “செத்துட்டுதோ?” என்றாள். இனி என்ன நடக்குமென்று தெரியவில்லை என்றேன்.

அவள் போன பிறகு நானே தேநீர் போட்டேன். மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. குளிர் குறைந்ததால் இருக்கலாம்.

டிசம்பர் 12, செவ்வாய்

காலையில் என்னைக் குளிக்க வார்க்கும்போது தவமலர் சொன்னாள்: “நேற்று நான் படியிறங்கேக்க நீங்கள் சீட்டி அடிச்சது கேட்டது.”

நான் சீட்டி அடிப்பதில்லை. அதைச் சொன்னேன்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். முதுகில் சவர்க்கார நுரை. “மாஸ்டர், ஒண்டு கேப்பன். நேராச் சொல்லுங்கோ. இந்தக் கடிதத்தைப் பற்றி உங்கட மகளுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“நான் அவவின்ர காட்டில வேலை செய்யிறது?”

முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வது சுலபம். “அதுவும் தெரியாது,” என்றேன். கனடா போகும்போது ஆரணி அட்டையை என் மேசை லாச்சியில் விட்டுவிட்டுப் போனாள். நாகேஸ்வரிக்குப் பேச்சுக் குழறிய பிறகு, முதலில் நிறுவனம் அனுப்பிய பெண்கள் யாருடைய மொழியும் அவளுக்கு விளங்கவில்லை. படுக்கையில் சிறுநீர் போனதைச் சொல்லத் தெரியாமல் அழுவாள். தமிழ் தெரிந்த ஒருத்தி வேண்டும். தவமலர் இருந்தாள், அட்டையும் இருந்தது. நான் ஒரு சதமும் வாங்கவில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

அவள் மிச்சத் தண்ணீரை வார்த்து, துடைத்து, சட்டையைப் போட்டுவிட்டு, பொத்தான் ஐந்தையும் பூட்டினாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

“தந்த பேர் எண்டு நினைச்சன். களவெடுத்த பேரிலயா ரெண்டரை வருசம் திரிஞ்சிருக்கிறன்?”

தேநீர் குடிக்காமல் போனாள்.

டிசம்பர் 13, புதன்

தவமலர் வரவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

வந்தாள். “வணக்கம் ஐயா. ஆரணி வந்திருக்கிறன். எங்க நோகுது?” என்றாள். இரண்டு மணித்தியாலமும் ஐயாதான். மாஸ்டர் ஒருமுறைகூட இல்லை.

டிசம்பர் 16, சனி

பின்னேரம் மூன்று மணிக்கு ஆரணியை அழைத்தேன். அங்கே காலை ஒன்பது. முதல் வசனத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று தாளில் எழுதி வைத்து வாசித்தேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, “அப்பா, நீங்கள் என்ன செய்து வச்சிருக்கிறியள் எண்டு தெரியுமோ?” என்றாள். அவளுடைய கனடாக் குடியுரிமை விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை நாள் அந்த நாட்டுக்குள் இருந்தாள் என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக் காட்டியிருக்கிறாள். “அதே நாளில பாரிசில என்ர பேரில ஒருத்தி சம்பளம் எடுக்கிறா எண்டு தெரிஞ்சா, ஆரைப் பொய்க்காரி எண்டு சொல்லுவினம்? என்னைத்தானே?”

இதை நான் யோசிக்கவே இல்லை. கடிதம் அவளுக்குக் கேடு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் எத்தனை தரம் செய்து காட்டியிருக்கிறேன்: ஒரு கூற்றை உண்மை என்று எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போ, முடிவில் நடக்க முடியாத ஒன்று வந்தால், எடுத்துக்கொண்டது பொய். ஆரணி ரொறன்ரோவில். அதே காலையில் ஆரணி என் வீட்டில். ஒருத்தி இரண்டு ஊரில் இருக்க முடியாது. அவளுடைய கடவுச்சீட்டும் அங்கத்தைய சம்பளச் சிட்டையும்தான் தவமலருக்குச் சான்று. தவமலருக்கு எழுதும் கடிதம்தான் ஆரணிக்கும் காப்பு. அப்படியானால் இந்த ஒரு மாதமும் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

“அம்மாவைக் குளிப்பாட்டினதும் என்ர பேரிலயோ?” என்றாள் ஆரணி.

“ஓம்.”

“அம்மா அவவை என்னெண்டு கூப்பிட்டவ?”

விண்ணப்பிக்குமுன் நாட்டைவிட்டுப் போனால் நாள் குறையும் என்று, தாயின் செத்தவீட்டையும் போனில் பார்த்தவள் அவள்.

“ஆரணி எண்டு,” என்றேன்.

அழைப்புத் துண்டிக்கப்பட்டது.

டிசம்பர் 18, திங்கள்

ஆரணி போனை எடுக்கவில்லை. தவமலரிடம் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினாள். இடுப்புக்கு எண்ணெய் போட்டாள்.

டிசம்பர் 19, செவ்வாய்

இரண்டு அவையிலும் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் முதலில் உரிமை என்று கொண்டுவந்தது இப்போது உரிமை இல்லை. கொடுப்பதும் விடுவதும் அதிகாரியின் விருப்பம். யூட்டுக்கு அழைத்தேன். “கதவைத் திறந்திருக்கினம் மாஸ்டர், சங்கிலியைக் கழட்டேல்ல,” என்றார். “கோப்பைக் குடுத்தா ஆளைக் காட்டிக் குடுத்த மாதிரியும் ஆகலாம். நாட்டை விட்டுப் போ எண்டு கடதாசியும் வரலாம். அவவையே முடிவெடுக்கச் சொல்லுங்கோ.”

டிசம்பர் 20, புதன்

யூட் சொன்னதைத் தவமலருக்குச் சொன்னேன். “ஒளிச்சிருந்தும் ஜனவரி இருபத்தெட்டு வரும்தானே?” என்றாள். “என்ர பேரைச் சொல்லியே போறன்.”

அவள் புறப்படும் நேரம் ஆரணியிடமிருந்து அழைப்பு. அங்கே விடியாத நேரம். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அவ நிக்கிறாவோ? போனைக் குடுங்கோ.”

தவமலர் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிடம். நான் பத்திரிகை வாசித்தேன். தண்ணீர் எடுக்க ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது ஒரு வசனம் கேட்டது: “இல்லைப் பிள்ளை, அவவுக்கு நோகேல்ல. நான் பக்கத்திலதான் இருந்தனான்.”

வெளியே வந்து போனைத் தந்தாள். அடுத்த வீட்டுக்குப் பிந்திவிட்டது என்று ஓடினாள்.

ஜனவரி 4, வியாழன்

கனடாவிலிருந்து தடித்த உறை. கையெழுத்து வைத்த கடிதம், கடவுச்சீட்டுப் பக்கங்கள், ரொறன்ரோச் சிட்டைகள். எனக்கென்று ஒரு வரி இல்லை. உறையை உதறியும் பார்த்தேன்.

நான் என் கடிதத்தை எழுதினேன். ஆறு வரி. ‘மகளுக்குத் தெரியாமல் அட்டையை எடுத்துக் கொடுத்தவன் நான்.’ யூட் அதைப் பிரெஞ்சில் மாற்றும்போது பேனையை நிறுத்தி, “இது உங்களுக்குத் தேவையில்லாத வசனம் மாஸ்டர். வழக்கு வரலாம்,” என்றார். அந்த வசனத்துக்காகத்தான் மற்ற ஐந்தையும் எழுதினேன் என்றேன்.

ஜனவரி 9, செவ்வாய்

நிறுவனத்துக்கு மூவரும் போனோம். டிசம்பர்ச் சிட்டையோடு முப்பத்தொன்றையும் தவமலர் மேசையில் அடுக்கினாள். யூட் கதையைச் சொன்னார். மதாம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதை ஏன் என்னிடம் சொன்னீர்கள்? தெரியாதவரைக்கும் நான் வேலை கொடுக்கலாம். தெரிந்த பிறகு ஒருநாள்கூட முடியாது.”

தவமலர் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றிச் சிட்டைகளுக்கு மேல் வைத்தாள்.

மதாம் உள்ளறைக்குப் போய் யாருடனோ போனில் கதைத்தார். குரல் உயர்ந்து தாழ்ந்தது. “பதினொரு வீடு” என்றது மட்டும் விளங்கியது. இருபது நிமிடம். யூட் கால் ஆட்டிக்கொண்டே இருந்தார். மதாம் திரும்பி வந்து, நின்றபடியே கையெழுத்து வைத்தார்.

“உங்கள் உண்மைப் பெயர் என்ன?” என்று கேட்டார்.

தவமலர் சொன்னாள். மதாம் மூன்று தரம் முயன்றார். மூன்றாவது தரம் கொஞ்சம் கிட்ட வந்தது. “பாஸ் போடலாம்,” என்றாள் தவமலர் என் காதுக்குள். பிறகு, “என்ன மாஸ்டர்?” என்றாள்.

இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு கேட்கிறேன் அந்தச் சொல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

சட்டம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிட்டது. வதிவிட அட்டை அலுவலகத்தில் இன்று கோப்பைக் கொடுத்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் கடிதத்தில் நிறுத்தி, “இதை எழுதியவர்?” என்றார். கை உயர்த்தினேன். என் அட்டையை வாங்கி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.

பதில் வர ஆறு மாதமோ ஒரு வருடமோ. வரும் பதில் எதுவாகவும் இருக்கலாம். அதுவரை அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கோப்புக் கிடைத்ததற்கு ஒரு சிறு தாள் கொடுத்தார்கள். தவமலர் அதை மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். ரயிலில் ஒரு கை என் பொல்லிலும் ஒரு கை அந்தத் தாள் இருந்த பையிலும் வைத்துக்கொண்டு வந்தாள்.

“ஞாயிறு வருவன், மாஸ்டர். வேலைக்கில்லை, சும்மா. சமைக்கச் சொன்னா சமைக்க மாட்டன்.”

“நான் சமைக்கிறன்.”

“அப்ப சாப்பிட்டிட்டு வாறன்.”

பெப்ரவரி 1, வியாழன்

ஆரணியிடமிருந்து பேரனின் படம் ஒன்று வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருக்கிறது.

நிறுவனம் புதியவளை அனுப்பியது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண், ஐம்பது வயது இருக்கும். கை பலமானது, நிதானமானது. காலுறை போட்டுவிட்டபோது பெயரைக் கேட்டேன். அவள் சொல்லுமுன் குனிந்து, தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் சொன்ன பெயரை இந்தக் கொப்பியில் எழுதவும் இல்லை. என் பெயர் தில்லையம்பலம், கணித ஆசிரியர், இனிப்பில்லாமல் தேநீர் குடிப்பவன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் சிரித்து, மற்றக் காலுறையை எடுத்தாள்.

இந்தக் கொப்பியை என்றாவது வாசிப்பவருக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டையோ அலுவலகத்தையோ துப்புரவாக்க, உங்கள் பெற்றோரைக் குளிப்பாட்ட, நாளை காலை ஒருவர் வருவார். அவருடைய பெயரைக் கேட்பதற்கு முன், உங்கள் பெயரை முழுதாகச் சொல்லிப் பாருங்கள்.